புத்தாக்க, தொழில்நுட்ப மேலாண்மை முதுகலை: உருப்படியான படிப்பா, இரண்டும் கெட்டானா?

#1 அரைக்கிணறு

வணக்கம். மின்னணுவியல் படித்துவிட்டு நான்கு ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். புதுக் கருவி சந்தைக்குப் போகும் முன் அதை உலுக்கி, சூடாக்கி, நனைத்து, எந்த இடத்தில் உயிரை விடுகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

இரண்டு ஆண்டுக்கு முன் பம்புகளில் பொருத்தும் அதிர்வு உணரி ஒன்று வந்தது. பம்பு பழுதாவதற்குச் சில வாரம் முன்பே எச்சரித்துவிடும். நாங்கள் என்ன பாடுபடுத்தியும் அது அசரவில்லை. என் கைக்கு வந்ததிலேயே ஒழுங்கான பொருள் அதுதான். ஆனால் விற்கவே இல்லை, ஒன்றரை ஆண்டில் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் வடிவமைப்புக்காரர்கள் விற்பனைப் பிரிவைக் கைகாட்டினார்கள், விற்பனைப் பிரிவு விலையைக் கைகாட்டியது, விலையை முடிவுசெய்தவர் அதற்குள் வேலையை விட்டே போயிருந்தார்.

அந்த "ஏன்" இன்னும் மண்டையைக் குடைகிறது. அப்படித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் இந்த முதுகலைப் படிப்பு கண்ணில் பட்டது. பாடத்திட்டத்தைப் பார்த்தால் பாதி பொறியியல்போல் இருக்கிறது, பாதி வணிகம்போல் இருக்கிறது. படித்தவர்கள், பாடம் நடத்துபவர்கள், ஏன் படித்தோம் என்று நொந்தவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள். எதற்கு இந்தப் படிப்பு? எம்.பி.ஏ.வே போதுமா?

#2 பழுதுபார்ப்பவர்

இருபத்தைந்து ஆண்டு தயாரிப்புத் துறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் கெட்டான் என்று தலைப்பில் நீங்களே எழுதிவிட்டீர்கள். இந்தப் பட்டத்தோடு வேலைக்கு வந்த பிள்ளைகளிடம் "சுற்றுப்பலகையை எடுத்துக்காட்டு" என்றால் முழிப்பார்கள். "இருப்புநிலைக் குறிப்பைப் படி" என்றாலும் அதே முழி. ஆனால் நான்கு கட்டம் போட்டு அம்புக்குறி வரைவதில் மட்டும் மன்னர்கள். புதிதாக ஒன்றைச் செய்தவர்கள் யாரும் அதை எப்படி மேலாண்மை செய்வது என்று படித்துவிட்டு வந்து செய்யவில்லை.

உங்கள் துறையிலேயே ஆழமாகப் போங்கள் நண்பரே. சமிக்ஞைச் செயலாக்கம் படியுங்கள், கை வேலை கைவிடாது.

#3 மணல்கடிகாரம்

நான் இந்தப் படிப்பை முடித்து ஆறு ஆண்டு ஆகிறது. அதற்கு முன் வேதிப் பொறியியல். பழுதுபார்ப்பவர் சொல்வதில் பாதி உண்மை, அதை அப்புறம் பார்ப்போம்.

உள்ளே என்னதான் இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தொழில்நுட்ப உத்தி, ஆராய்ச்சிப் பிரிவை நடத்துவது, காப்புரிமை, புதுப்பொருள் உருவாக்கம், தொழில்நுட்பத்தை முன்கணிப்பது, புத்தாக்கக் கொள்கை, கொஞ்சம் புள்ளியியல், ஆய்வு முறையியல், கடைசியில் ஆய்வேடு. பெயர்களை வைத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. எனக்கு மனத்தில் ஒட்டிக்கொண்ட ஒரு வீட்டுப்பாடத்தைச் சொல்கிறேன்.

ஃபிராங்க் பாஸ் என்பவர் 1969-இல் வெளியிட்ட ஒரு சமன்பாடு இருக்கிறது. புதுப்பொருளை வாங்குபவர்கள் இரண்டு வகை என்பது அதன் அடிப்படை: தாமாகவே வாங்குபவர்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து வாங்குபவர்கள். மொத்தச் சந்தையின் அளவு, இந்த இரண்டு வகையின் வேகங்கள் என்று மூன்றே எண்கள். அவற்றைப் போட்டால் மணி வடிவத்தில் விற்பனைக் கோடு வந்துவிடும். முதல் வாரம் ஆசிரியர் ஒரு பழைய பொருளின் முழு விற்பனைக் கணக்கையும் கொடுத்தார். கோடு அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது. அடடா, எதிர்காலமே கைக்கு வந்துவிட்டது என்று இருந்தோம். அடுத்த வாரம் இன்னொரு பொருளின் முதல் நான்கு ஆண்டுக் கணக்கை மட்டும் கொடுத்து "மீதியைச் சொல்லுங்கள்" என்றார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விடை. ஒருவர் கணக்கில் வந்த மொத்தச் சந்தை இன்னொருவருடையதைப்போல் ஒன்பது மடங்கு. விற்பனை உச்சியைத் தொடும் முன்பு கிடைக்கும் தரவை வைத்து அந்த மூன்று எண்களை நம்பிக் கணிக்க முடியாது. ஆனால் கணிப்பு தேவைப்படுவதே அந்தக் கட்டத்தில்தானே.

இன்று யாராவது கூட்டத்தில் வழவழப்பான விற்பனைக் கோடு காட்டினால், எத்தனை ஆண்டுத் தரவிலிருந்து வந்தது என்றுதான் முதலில் கேட்கிறேன். எம்.பி.ஏ. படித்த என் சக ஊழியர்களுக்கு நிதிக் கணக்கு என்னைவிட நன்றாக வரும். இந்தக் கேள்வி மட்டும் அவர்களுக்குச் சட்டென்று வருவதில்லை.

#4 சும்மா_வந்தேன்

நான் வணிகவியல், வேடிக்கை பார்க்க வந்தவன். ஒரு சந்தேகம். புத்தாக்கம் புத்தாக்கம் என்கிறீர்களே, அது கண்டுபிடிப்புதானே? அதற்கு எதற்கு இன்னொரு சொல்?

#5 அடிக்குறிப்பு

இந்தத் துறையில் பாடம் நடத்துகிறேன், ஆகவே என் பேச்சில் கொஞ்சம் சார்பு இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

சும்மா_வந்தேன் சும்மா கேட்கவில்லை. தமிழில் கண்டத்தையும் கண்டுபிடிக்கிறோம், மின்விளக்கையும் கண்டுபிடிக்கிறோம், தொலைந்த சாவியையும் கண்டுபிடிக்கிறோம். ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது. அதனால்தான் செய்தித்தாளில் "மாணவர் கண்டுபிடிப்பு" என்று படித்ததும் வேலை முடிந்துவிட்டதுபோல் நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அங்கேதான் ஆரம்பம். ஜோசப் ஷூம்பீட்டர் 1911-இலேயே இந்த இரண்டையும் பிரித்தார். புதிதாக ஒன்றைச் செய்துகாட்டுவது வேறு, அதைப் பொருளாதாரத்துக்குள் கொண்டுவந்து நிலைக்கவைப்பது வேறு. புதுப்பொருள், புது உற்பத்தி முறை, புதுச் சந்தை, மூலப்பொருளுக்குப் புது வழி, தொழிலைப் புது விதமாக ஒழுங்கமைப்பது என்று ஐந்து வகை சொன்னார். ஐந்தில் முதல் இரண்டுக்குத்தான் ஆய்வகம் தேவை, கவனியுங்கள்.

நான் வகுப்பில் முதலில் காட்டும் படம் ஒரு இரும்புப் பெட்டி. சரக்குக் கொள்கலன். 1956 ஏப்ரல் 26 அன்று ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. இதைச் செய்தவர் மால்கம் மெக்லீன், லாரித் தொழிலில் இருந்தவர். பெட்டியில் விஞ்ஞானம் ஒன்றுமில்லை. ஆனால் தளர்ச்சரக்காக, அதாவது பெட்டியில்லாமல் தனித்தனியாக ஏற்றினால் டன்னுக்கு 5.83 டாலர் ஆன செலவு அப்போது போட்ட கணக்கில் 16 சென்ட்டாக இறங்கியது. அது உலகம் முழுக்கப் பரவ, பளுதூக்கிகளை மாற்ற வேண்டியிருந்தது, துறைமுகங்களை மாற்ற வேண்டியிருந்தது, தொழிற்சங்கங்களோடு பேச வேண்டியிருந்தது, பெட்டியின் நீள அகலத்தில் உலக நாடுகள் ஒத்துப்போக வேண்டியிருந்தது. இவ்வளவும் சேர்ந்ததுதான் புத்தாக்கம். இதில் எதை முதலில் செய்வது, எதற்காகக் காத்திருப்பது, யார் எதிர்ப்பார்கள் என்பதுதான் அதன் மேலாண்மை.

இப்போது அரைக்கிணறின் உணரிக்கு வருகிறேன். சி.டி. ஸ்கேன் கதை தெரியுமா? அதைச் செய்தவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு, ஈ.எம்.ஐ. நிறுவனத்துப் பொறியாளர். ஆம், இசைத்தட்டு வெளியிட்ட அதே ஈ.எம்.ஐ.தான். 1971 அக்டோபரில் லண்டன் மருத்துவமனை ஒன்றில் முதல் நோயாளியை ஸ்கேன் செய்தார்கள். மருத்துவ உலகமே வாயடைத்துப் போனது. 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு, ஆலன் கோர்மேக்கோடு சேர்த்து நோபல் பரிசு. அதே ஆண்டு ஈ.எம்.ஐ. தள்ளாடித் தோர்ன் நிறுவனத்தின் கைக்குப் போனது. கொஞ்ச நாளில் ஸ்கேன் தொழிலை விட்டே வெளியேறியது. பொருளில் குறையில்லை. ஆனால் அது ஒரு மருத்துவமனை இதுவரை பார்த்திராத அளவுக்குச் சிக்கலான கருவி. இயக்கப் பயிற்சி தர வேண்டும், பழுதானால் உடனே ஆள் வர வேண்டும், வாங்கும் அதிகாரியோடு பழக்கம் வேண்டும். இதெல்லாம் ஜெனரல் எலக்ட்ரிக்கிடம் ஏற்கெனவே இருந்தது. எக்ஸ்ரே கருவிகளை விற்று விற்றுச் சேர்த்த வலையமைப்பு. தாமதமாக வந்தும் அவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். டேவிட் டீஸ் 1986-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு உடன்துணைச் சொத்துகள் என்று பெயர் வைத்தார். பொருளைச் செய்தவன் ஏன் லாபம் பார்ப்பதில்லை என்ற கேள்விக்கு என் அறிவில் இதைவிடத் தெளிவான விடை கிடையாது.

ஆகவே உங்களுக்கு வீட்டுப்பாடம்: உங்கள் உணரியை யார் கையால் விற்கச் சொன்னார்கள்? அவருக்கு அதில் என்ன லாபம்? இதைப் போய்க் கேளுங்கள்.

#6 பழுதுபார்ப்பவர்

கதை நன்றாக இருக்கிறது ஐயா. எல்லாம் செத்த பிறகு செய்யும் பிரேதப் பரிசோதனை. கோடாக் கதையும் இப்படித்தான், எல்லா வகுப்பிலும் ஓதுகிறார்கள்: டிஜிட்டல் கேமராவைக் கண்டுபிடித்துவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள், முட்டாள்கள், அழிந்தார்கள். இதைச் சொல்ல ஒரு முதுகலைப் பட்டமா?

#7 அடிக்குறிப்பு

கோடாக் கதையை அப்படி ஓதும் ஆசிரியர் எவராவது இருந்தால் அவரிடம் படிக்காதீர்கள் என்று நானே சொல்வேன். 1975-இல் ஸ்டீவ் சாசன் செய்த கேமராவின் தெளிவு 0.01 மெகாபிக்சல். ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி ஆகும். அன்றைக்கு அதைச் சந்தைக்கு விடாததில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. கோடாக் பிற்பாடு டிஜிட்டலில் தூங்கவும் இல்லை. 2005 வாக்கில் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் முன்னணியில் இருந்தது. சிக்கல் வேறு. பிலிம் சுருள் விற்றால் கொள்ளை லாபம், அப்புறம் கழுவ, அச்சிட என்று திரும்பத் திரும்ப வருமானம். கேமரா விற்றால் சொற்ப லாபம், ஒரே தடவை. அதையும் கைப்பேசி வந்து விழுங்கிவிட்டது. 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரினார்கள்.

அதே பள்ளத்தில் ஃபியூஜிஃபிலிமும் இருந்தது. அவர்கள் "நமக்குக் கேமரா தெரியும்" என்று எண்ணவில்லை, "நமக்கு மெல்லிய படலங்களும் வேதியியலும் தெரியும்" என்று எண்ணினார்கள். திரைகளுக்கான படலங்கள், மருந்து, முகப்பூச்சுவரை போனார்கள். பிலிமில் கொலாஜன் உண்டு, நிறம் மங்காமல் காக்கும் வேதியியல் உண்டு, இரண்டும் தோலுக்கும் உதவும். ஒரே அதிர்ச்சி, இரண்டு நிறுவனங்கள், வேறுவேறு முடிவு. பிரேதப் பரிசோதனைதான், ஒத்துக்கொள்கிறேன். மருத்துவர்களும் அதை வைத்துத்தானே உடற்கூறு கற்கிறார்கள்.

#8 மூன்றாம்பிறை

பல்கலைக்கழகம் ஒன்றின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தில் வேலை. இந்த முதுகலை படித்தவர்கள் வந்து சேரும் இடங்களில் இதுவும் ஒன்று என்பதால் எழுதுகிறேன். 1980-இல் அமெரிக்காவில் பேய்-டோல் சட்டம் வந்து, அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் காப்புரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ளலாம் என்றான பிறகு இப்படிப்பட்ட அலுவலகங்கள் பல நாடுகளில் முளைத்தன.

வேலை எப்படியிருக்கும்? ஒரு பேராசிரியர் வருவார், உலகையே மாற்றப்போகும் ஒன்று கையில் இருக்கிறது என்பார். அது தொழில்நுட்பத் தயார்நிலையில் எந்தப் படியில் இருக்கிறது என்று பார்ப்போம். நாசாவில் பிறந்த அளவுகோல், 1 முதல் 9 வரை. 1 என்றால் அடிப்படைத் தத்துவம் மட்டும் தெரியும், 9 என்றால் உண்மையான சூழலில் வேலை செய்து நிரூபித்தாகிவிட்டது. எங்களிடம் வருபவை பெரும்பாலும் 3, 4. நிறுவனங்களோ 7-க்குக் கீழே எட்டிப் பார்க்க மாட்டார்கள். நடுவில் இருக்கும் அந்தப் பள்ளத்தில் ஆய்வுக்கான நிதியும் கிடைக்காது, முதலீடும் கிடைக்காது. அதைத் தாண்டவைப்பதுதான் எங்கள் பிழைப்பு. பத்தில் எத்தனை தாண்டும் என்று கேட்காதீர்கள், மனம் உடைந்துவிடும்.

ஒரு தடவை நான் செய்த தப்பையும் சொல்கிறேன். சேர்ந்த முதல் ஆண்டு. ஒரு ஆய்வு மாணவி நல்லதொரு வடிகட்டிச் சவ்வோடு வந்தாள். காப்புரிமை விண்ணப்பத்தை அடுத்த மாதம் போடலாம் என்று தள்ளிவைத்தேன். அதற்குள் அவள் கருத்தரங்கில் சுவரொட்டி வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட்டாள். அவள்மேல் தப்பே இல்லை, வைக்காதே என்று நான்தான் சொல்லவில்லை. அமெரிக்காவில் விண்ணப்பம் போட, விஷயத்தை வெளியிட்ட பிறகும் ஓராண்டுவரை சலுகைக் காலம் உண்டு. ஐரோப்பாவில் கிடையாது, ஒருமுறை பொதுவில் சொல்லிவிட்டால் புதுமை போயிற்று. அவளுக்கு ஐரோப்பிய உரிமை அப்படிப் போனது. முதலில் ஒரு நாட்டில் விண்ணப்பம் போட்டிருந்தால் பாரிஸ் உடன்படிக்கைப்படி மற்ற நாடுகளுக்குப் போக 12 மாதம் கிடைத்திருக்கும். இதெல்லாம் வகுப்பில் படித்ததுதான், தேர்வில் நல்ல மதிப்பெண்கூட வாங்கியிருந்தேன். ஏட்டுச் சுரைக்காய்.

#9 அரைக்கிணறு

எல்லோருக்கும் நன்றி. உணரியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்திருக்கிறேன், வந்து சொல்கிறேன். இதற்கிடையில்: பல்கலைக்கழகத்தை எப்படித் தேர்வது? ஒரே பெயரில் ஏகப்பட்டது இருக்கிறது. முடித்தால் வேலைக்கு என்ன பெயர்? வீட்டில் கேட்கிறார்கள், சொல்லத் தெரியவில்லை.

#10 மணல்கடிகாரம்

இந்தப் படிப்பு மூன்று விதமான வீடுகளில் குடியிருக்கிறது. பொறியியல் துறைக்குள் இருந்தால் தொழில்நுட்பம், உற்பத்தி, முன்கணிப்பு தூக்கலாக இருக்கும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட், சுவிட்சர்லாந்தில் சூரிக்கின் ஈ.டி.எச். போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் இருப்பவை பொறியியல், அறிவியல் படித்தவர்களை மனத்தில் வைத்தே அமைத்தவை. வணிகப் பள்ளிக்குள் இருந்தால் தொழில்முனைவும் சந்தையும் தூக்கல். மூன்றாவது, கொள்கை ஆய்வு வழி. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃபர் ஃப்ரீமன் 1966-இல் தொடங்கிய ஆய்வு மையம் அந்த மரபில் மூத்தது. அங்கே நிறுவனத்தைவிட நாடு, தொழில்துறை, சமூகம் என்று பேச்சு போகும். பட்டத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், எந்தத் துறையின் கீழ் வருகிறது, ஆசிரியர்கள் எதில் கட்டுரை எழுதுகிறார்கள் என்று பாருங்கள்.

இன்னொன்று. ஆய்வேட்டை நிறுவனத்துக்குள் இருந்து செய்யவிடுகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். நான் ஒரு பூச்சுத் தொழிற்சாலையில் ஆறு மாதம் உட்கார்ந்து, புதுச் சூத்திரம் ஏன் ஆய்வகத்திலிருந்து ஆலைக்குப் போக இரண்டு ஆண்டு ஆகிறது என்று பார்த்தேன். வேதியியல் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. புதிதைச் சோதிக்க ஆலையின் ஒரு பகுதியை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் ஆலை மேலாளரின் மாத இலக்கு அடிபடும். அவர் ஏன் நிறுத்துவார்? அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க, ஆமாம் அடிக்குறிப்பு, கண்டுபிடிக்கத்தான், இருபத்திரண்டு பேரிடம் பேச வேண்டியிருந்தது.

வேலைக்குப் பெயர் என்று ஒன்று இல்லை. தயாரிப்பு மேலாளர், ஆராய்ச்சித் திட்ட மேலாளர், தொழில்நுட்ப ஆலோசகர், காப்புரிமைப் பகுப்பாய்வாளர், கொள்கை ஆய்வாளர், மூன்றாம்பிறை போன்றோர். என் வீட்டில் ஆறு ஆண்டு கழித்தும் "கம்பெனியில் ஏதோ மீட்டிங் போடுகிறாள்" என்றுதான் சொல்கிறார்கள்.

பழுதுபார்ப்பவர் சொன்ன பாதி உண்மைக்கு வருகிறேன். இளங்கலை முடித்த கையோடு நேராக இதற்கு வந்த என் வகுப்புத் தோழர்கள் சிலர் ரொம்பச் சிரமப்பட்டார்கள். ஆராய்ச்சித் திட்டம் ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்று பேசும்போது, இழுத்துக்கொண்டு போன ஒன்றையாவது பார்த்திருந்தால்தான் பாடம் உறைக்கும். அரைக்கிணறுக்கு அந்தக் கவலை இல்லை.

#11 பழுதுபார்ப்பவர்

ஆலை மேலாளர் விஷயம் நூற்றுக்கு நூறு. நானே அந்த நாற்காலியில் இருந்தவன், நானும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

எங்கள் நிறுவனத்தில் ஒரு காலத்தில் கட்டம்-வாசல் முறை என்று கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் ஒரு வாசல், தகுதியில்லாத திட்டத்தை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ராபர்ட் கூப்பர் வகுத்த முறை. தாளில் அழகாக இருந்தது. மூன்று ஆண்டில் ஒரு திட்டத்தைக்கூட எந்த வாசலும் நிறுத்தவில்லை. இவ்வளவு செலவழித்தாகிவிட்டதே, இன்னும் ஒரு கட்டம் பார்ப்போம் என்று எல்லாமே உள்ளே போயின. வாசல் இருந்தது, கதவு இல்லை. முறையைக் கற்றுக்கொடுக்கிறீர்கள், சரி. "வேண்டாம்" என்று சொல்லும் தைரியத்தை எந்த செமஸ்டரில் வைத்திருக்கிறீர்கள்?

#12 அடிக்குறிப்பு

வைக்கவில்லை. வாசலில் உட்கார்பவர் திட்டத்துக்குச் சொந்தக்காரராக இருக்கக் கூடாது, முன்பே செலவான பணத்தை அந்தக் கூட்டத்தில் காட்டவே கூடாது என்பதுபோல் சில ஏற்பாடுகளைச் சொல்லித்தருகிறோம். தைரியத்துக்குப் பாடத்திட்டம் இல்லை. உங்கள் "வாசல் இருந்தது, கதவு இல்லை" என்பதை வகுப்பில் பயன்படுத்திக்கொள்ளலாமா?

#13 பழுதுபார்ப்பவர்

எடுத்துக்கொள்ளுங்கள். காப்புரிமை வாங்கவில்லை.

#14 அரைக்கிணறு

பதினொரு நாள் ஆயிற்று. வந்துவிட்டேன்.

#5-இல் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். எங்கள் உணரியை விற்கும் பொறுப்பு பம்பு முகவர்களிடம் இருந்திருக்கிறது. ஓய்வுபெற்ற ஒரு விற்பனை அலுவலரைப் பிடித்துப் பேசினேன். முகவர்களுக்குப் பம்பு விற்பதில் வருமானம் குறைவாம். பம்பு திடீரென்று நின்றால் அவசரத்துக்கு மாற்றுப் பாகங்கள் விற்பதில்தான் பணமாம். பம்பு நிற்பதற்கு மூன்று வாரம் முன்பே சொல்லிவிடும் கருவியை, பம்பு நின்றால் சம்பாதிப்பவர் கையில் கொடுத்து விற்கச் சொல்லியிருக்கிறோம். அவர்கள் வாங்கி அடுக்கிவைத்தார்கள், அவ்வளவுதான். இது விற்பனைப் பிரிவில் இரண்டு பேருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. நான் சோதனை அறையில் அதை ஆயிரம் தடவை உலுக்கிக்கொண்டிருந்தேன்.

#15 பழுதுபார்ப்பவர்

பார்த்தீர்களா, பட்டமே இல்லாமல் பதினொரு நாளில் விடை வந்துவிட்டது. காசு மிச்சம்.

#16 அரைக்கிணறு

உண்மைதான். ஆனால் இவ்வளவு நாளும் "என்ன குறை" என்றுதான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். "யாருக்கு என்ன லாபம்" என்று இங்கே ஒருவர் கேட்கச் சொன்ன பிறகுதான் கேட்டேன். இப்போது அடுத்த கேள்வி தூங்கவிடவில்லை: முகவர் இல்லாமல் யார் வழியாக விற்றிருக்கலாம்? பராமரிப்பு ஒப்பந்தம் எடுப்பவர்கள் வழியாகவா? அவர்களுக்குப் பம்பு நிற்காமல் இருந்தால்தானே லாபம்? இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறேன். இரண்டிலும் ஆய்வேட்டை நிறுவனத்தில் செய்யலாம் என்று எழுதிக் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

#17 மூன்றாம்பிறை

நோக்க அறிக்கையில் நிறுவனத்தின் பெயரையும் விற்பனை விவரத்தையும் போட்டுவிடாதீர்கள். இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். போன தடவை நான் சொல்லத் தவறியது போதும்.

#18 சும்மா_வந்தேன்

அந்த உணரிகள் இப்போது எங்கே?

#19 அரைக்கிணறு

மீதியெல்லாம் கிடங்கில். ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. போன வாரம் மின்கலம் மாற்றி எங்கள் அலுவலகத் தண்ணீர் மோட்டாரில் ஒட்டிவைத்தேன். நேற்று எச்சரிக்கை வந்தது. பராமரிப்புப் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.